மோட் 7-ல் தமிழ் வராது, மோட் 4-ல் வரும்

பழைய ஹோம் கம்ப்யூட்டர் என்று பேச்சை எடுத்தாலே எல்லாரும் கேம்ஸ் பக்கம் போய்விடுகிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது திரையில் தெரிந்த எழுத்துக்கள்தான். ஒரு வரியில் எத்தனை எழுத்து, எவ்வளவு பெரியது, எத்தனை வண்ணம் என்பதையெல்லாம் அந்த மெஷின்களில் நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மெஷின் தானாக ஒன்றை எடுத்துக் கொள்ளும். தானாக எடுத்துக் கொள்ளும் அந்த ஒன்றைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

எடுத்துக் கொள்ளும் மெஷின் பி.பி.சி. மைக்ரோ. இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்டது. பி.பி.சி.யின் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்திற்காக உருவானதால் அந்தப் பெயர். 6502 பிராசசர், 2 மெகாஹெர்ட்ஸ் வேகம், மாடல் பி என்றால் 32 கே.பி. மெமரி. (இதன் பேசிக் மொழியை எழுதிய சோஃபி வில்சனும், ஹார்ட்வேரில் முக்கியப் பங்கு வகித்த ஸ்டீவ் ஃபர்பரும்தான் பின்னர் ஏ.ஆர்.எம். பிராசசரை வடிவமைத்தார்கள். உங்கள் மொபைல் போனுக்குள் இருப்பது அதன் வாரிசு.)

இந்த மெஷினுக்கும் நமக்கும் சம்பந்தம் உண்டு. 1984-ல் இந்திய அரசு பள்ளிகளுக்காக கிளாஸ் என்ற கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, சுமார் 250 பள்ளிகளில் முதலில் வைக்கப்பட்டவை பி.பி.சி. மைக்ரோக்களே. பின்னர் எஸ்.சி.எல். என்ற அரசு நிறுவனம் யூனிகார்ன் என்ற பெயரில் இதை இந்தியாவிலேயே தயாரித்தது. இன்று நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய பலர் முதன்முதலில் தொட்ட கம்ப்யூட்டர் இதுவாக இருக்கலாம். நான் தொட்டதும் இதுதான்.

ஒரு எழுத்து எத்தனை பைட்?

பி.பி.சி. மைக்ரோவில் 0 முதல் 7 வரை எட்டு திரை மோட்கள் உண்டு. மோட் என்று டைப் செய்து, பக்கத்தில் எண்ணைக் கொடுத்து ரிட்டர்ன் கீயைத் தட்டினால் போதும். திரை அழிந்து புதிய மோடில் வரும். உங்கள் புரோகிராம் அழியாது.

எட்டில் எதைத் தேர்ந்தெடுப்பது? இதற்கு ஒரே ஒரு கணக்கு தெரிந்தால் போதும். இந்த மெஷினில் திரைக்கென்று தனி மெமரி கிடையாது. உங்கள் புரோகிராமும் திரையும் அதே 32 கே.பி.யைப் பங்கு போட்டுக் கொள்ள வேண்டும். இரண்டு பேர் ஒரே தட்டில் சாப்பிடுவது மாதிரி. திரை எவ்வளவு எடுக்கிறதோ அவ்வளவு புரோகிராமுக்குக் குறையும்.

மோட் 4-ல் ஒரு வரிக்கு 40 எழுத்து, 32 வரிகள். ஒவ்வொரு எழுத்தும் எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட கட்டம். இரண்டே வண்ணம் என்பதால் ஒரு புள்ளிக்கு ஒரு பிட். ஆக, ஒரு எழுத்துக்கு 8 பைட். 40 பெருக்கல் 32 பெருக்கல் 8, மொத்தம் 10,240 பைட். மோட் 1-லும் அதே 40 எழுத்து, அதே 32 வரிகள்தான். ஆனால் நான்கு வண்ணம். அதனால் எழுத்துக்கு 16 பைட், மொத்தம் 20,480. மோட் 2-ல் 16 வண்ணம் (அதில் பாதி கண் சிமிட்டும் வண்ணங்கள்). அங்கே ஒரு எழுத்துக்கு 32 பைட். வரிக்கு இருபதே எழுத்து. தூரத்திலிருந்து பார்த்தால் கடைப் பலகை மாதிரி இருக்கும்.

மோட் 0-ல் வரிக்கு 80 எழுத்து, 32 வரிகள். இதுவும் 20,480 பைட். டிஸ்க் டிரைவ் இணைத்த மெஷினில் மோட் 0-க்குப் போனால் உங்கள் பேசிக் புரோகிராமுக்கு மிஞ்சுவது 5,888 பைட். கேசட் மட்டும் என்றால் 8,704. இன்று ஒரு வரி எஸ்.எம்.எஸ். அனுப்ப எத்தனை எம்.பி. கொண்ட ஆப் ஓடுகிறது என்று யோசித்தால் சிரிப்புத்தான் வரும்.

கொஞ்சம் பெரிய புரோகிராமை வைத்துக் கொண்டு மோட் 0 கேட்டால், "பேட் மோட்" என்று மெஷின் மறுத்துவிடும். பலர் இதை ஏதோ ஹார்ட்வேர் கோளாறு என்று நினைத்ததுண்டு. இடம் இல்லை என்பதைத்தான் அது அப்படிச் சொல்கிறது. புரோசீஜருக்கு உள்ளிருந்து மோட் மாற்ற முயன்றாலும் இதே பதில்தான்.

80 எழுத்து மோகம்

80 எழுத்து வந்தால்தான் "உண்மையான" கம்ப்யூட்டர் என்று அந்தக் காலத்தில் ஒரு எண்ணம் இருந்தது. இப்போதும் பழைய மெஷினை வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்கள் முதலில் டைப் செய்து பார்ப்பது மோட் 0 அல்லது மோட் 3-ஐத்தான். டிவியில் இணைத்திருந்தால் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காரணம் எளிது.

டிவி ஒரு கிடைக்கோட்டை வரைய 64 மைக்ரோ செகண்ட் எடுத்துக் கொள்கிறது. அதில் 40 மைக்ரோ செகண்டுக்குள் மோட் 0 தன் 640 புள்ளிகளையும் தள்ளியாக வேண்டும். ஒரு புள்ளி கறுப்பு, அடுத்தது வெள்ளை என்று மாறி மாறி வந்தால் அந்த சிக்னல் 8 மெகாஹெர்ட்ஸ். நம் பால் வகை டிவியில் படத்துக்கான இடமே சுமார் 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஆகவே எழுத்துக்கள் ஒன்றோடொன்று கரைந்து மங்கிப் போகும். டிவியின் பிரைட்னஸைத் திருகிப் பிரயோசனம் இல்லை. 40 எழுத்து மோட் என்றால் 4 மெகாஹெர்ட்ஸ். அது உள்ளே அடங்கும். ஆர்.ஜி.பி. மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மோட் 3, மோட் 6 இரண்டும் எழுத்துக்கு மட்டுமானவை. இவற்றில் படம் வரைய முடியாது. 32 வரிக்குப் பதில் 25 வரி. வரிகளுக்கு நடுவே இரண்டு கோடு இடைவெளி விட்டு அச்சிடுவதால் படிக்க நன்றாக இருக்கும், மெமரியும் மிச்சம் (மோட் 6-க்கு 8 கே.பி. போதும்). ஒரே குறை, அந்த இடைவெளி எப்போதும் கறுப்பு. பின்னணியை நீலமாக்கினால் பத்தமடைப் பாய் மாதிரி பட்டை பட்டையாகத் தெரியும். இவற்றைக் கறுப்புப் பின்னணியிலேயே விட்டுவிடுங்கள்.

மோட் 4-ல் அந்தப் பிரச்னை இல்லை. கீழே உள்ள இரண்டு வரிகளைக் கொடுத்துப் பாருங்கள். (கட்டளைகளை இங்கே தமிழில் அச்சிட்டிருக்கிறோம். மெஷினில் அவற்றின் ஆங்கில எழுத்துக்களில், கேபிடல் லெட்டரில் டைப் செய்திடவும்.)

விடியு 19,0,4,0,0,0
விடியு 19,1,3,0,0,0

நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. ஏற்கெனவே திரையில் இருக்கும் எழுத்துக்களும் அந்தக் கணமே மாறும். ஒரு பைட் மெமரிகூடக் கூடுதலாகச் செலவாகாது. முதல் வரி வண்ணம் ஜீரோவுக்கு நீலத்தையும், இரண்டாவது வரி வண்ணம் ஒன்றுக்கு மஞ்சளையும் கொடுக்கிறது. பகல் வெளிச்சம் விழும் அறையில் இது கறுப்பு வெள்ளையைவிட எனக்கு வசதியாக இருக்கிறது. உங்கள் கண்ணுக்கு எது ஒத்துப் போகிறதோ அதை வைத்துக் கொள்ளுங்கள். திரையின் மேல் வரி டிவியின் விளிம்பில் மறைந்தால் *டிவி 255 என்று கொடுத்து, பிறகு மோட் கட்டளையை மறுபடி கொடுங்கள். படம் ஒரு வரி கீழே இறங்கும். நீளமான புரோகிராமை லிஸ்ட் செய்யும்போது ஓடிப் போகிறதா? விடியு 14 கொடுத்தால் ஒவ்வொரு திரைக்கும் நின்று, ஷிப்ட் கீயை அழுத்திய பிறகே நகரும்.

மோட் 7 என்ற செல்லப் பிள்ளை

இனி விஷயத்துக்கு வருகிறேன். பி.பி.சி. மைக்ரோவை ஆன் செய்தால் அது விழித்துக் கொள்வது மோட் 7-ல். இது டெலிடெக்ஸ்ட் மோட். டிவி ஒளிபரப்போடு செய்திப் பக்கங்களை அனுப்பும் சீஃபேக்ஸ் சேவையை பி.பி.சி. அப்போது நடத்தி வந்தது (2012-ல் நிறுத்திவிட்டார்கள்). அந்தப் பக்கங்களைக் காட்டும் எஸ்.ஏ.ஏ.5050 என்ற சிப்பையே இந்த மெஷினிலும் பொருத்தினார்கள்.

மற்ற மோட்களில் எழுத்தின் ஒவ்வொரு புள்ளியும் மெமரியில் இருக்கும். மோட் 7-ல் எழுத்தின் எண் மட்டும்தான் இருக்கும். அதற்கு உரிய உருவத்தை அந்தச் சிப் தனக்குள்ளிருந்து எடுத்துப் போடும். அதனால் ஒரு எழுத்துக்கு ஒரே பைட். 40 எழுத்து, 25 வரி, மொத்தத் திரையும் 1 கே.பி.! டிஸ்க் இணைத்த மெஷினிலும் புரோகிராமுக்கு 25,344 பைட் மிஞ்சும். மோட் 0-ல் மிஞ்சுவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். வண்ணங்களும் உண்டு. 141 என்ற எண்ணை வரியின் தொடக்கத்தில் அச்சிட்டு, அதே வரியை இரண்டு முறை அடுத்தடுத்துக் கொடுத்தால் இரட்டை உயர எழுத்து வரும். எழுத்தின் வளைவுகளை அந்தச் சிப் தானே மழுப்பி வழவழப்பாக்கும் என்பதால் சாதாரண டிவியிலும் அழகாகத் தெரியும். வேர்டுவைஸ் என்ற வேர்டு பிராசசர் டைப் செய்வதற்கு மோட் 7-ஐயே பயன்படுத்தியது. 80 எழுத்தில் பார்க்க வேண்டும் என்றால் தனியாகப் பார்த்துக் கொள்ளலாம். புத்திசாலித்தனமான ஏற்பாடு.

இத்தனை நல்ல மோடில் என்ன குறை? எழுத்தின் உருவங்கள் சிப்புக்குள் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டவை. 96 இடங்கள், அவ்வளவுதான். நீங்கள் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. ஜெர்மன், ஸ்வீடிஷ், இத்தாலி, ஹீப்ரு, சிரிலிக் எழுத்துக்களுக்கு இதே குடும்பத்தில் வேறு சிப்கள் இருந்தன. தமிழுக்கு இல்லை.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் எழுதுபவருக்கே இதில் முழு நியாயம் கிடைக்கவில்லை. டெலிடெக்ஸ்ட் செய்திப் பக்கங்களுக்குச் சதுர அடைப்புக்குறி தேவைப்படவில்லை. அதனால் அந்த இடத்தில் அம்புக்குறியை வைத்திருந்தார்கள். சுருள் அடைப்புக்குறிகளின் இடத்தில் கால், முக்கால் என்ற பின்னங்கள். பி.பி.சி. பேசிக்கில் அசெம்பிளி மொழியைத் தொடங்குவதே சதுர அடைப்புக்குறியால்தான். ஆகவே அசெம்பிளி புரோகிராமை மோட் 7-ல் லிஸ்ட் செய்தால் இடது பக்கம் போகும் அம்பு ஒன்று தெரியும். அந்த அம்பைப் பார்த்து, அதை எந்தக் கீயால் டைப் செய்வது என்று கீபோர்டில் தேடியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

"இதுல தமிழ் வருமா சார்?"

1980களின் நடுவில், ஒரு மாவட்டத் தலைநகரின் பள்ளியில் நான் படித்துக் கொண்டிருந்தேன். எங்களுக்கு வாரத்துக்கு ஒரு பீரியட், மூன்று பேருக்கு ஒரு மெஷின். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் தமிழ் மீடியம். கட்டுரைப் போட்டிகளில் அவனை யாரும் மிஞ்ச முடியாது. தன் பெயரை டைப் செய்யச் சொன்னபோது ஆங்கிலத்தில் டைப் செய்து பார்த்துவிட்டு, "சார், இதுல தமிழ் வருமா?" என்று கேட்டான்.

"கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் மட்டும்தாம்ப்பா தெரியும்" என்றார் ஆசிரியர்.

அவரைக் குறை சொல்லவில்லை. அவர் கணக்கு ஆசிரியர். சில நாள் பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவர் முன்னால் இருந்த திரையில் மோட் 7 ஓடிக் கொண்டிருந்தது. அந்தத் திரையைப் பொறுத்தவரை அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மோட் 7-ல் தமிழ் வராதுதான். ஆனால் அவர் சொன்னது மோட் 7-ஐப் பற்றி அல்ல, கம்ப்யூட்டரைப் பற்றி. கேட்டவனும் அப்படித்தான் எடுத்துக் கொண்டான். சில வாரங்களில் அவன் அந்த அறைக்கு வருவதை நிறுத்திவிட்டான். விருப்பமுள்ளவர்கள் வந்தால் போதும் என்று இருந்ததால் யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

பதில் வேறு மாதிரி இருந்திருக்கலாம். மெஷினோடு வந்த யூசர் கைடு, ஜான் கோல் எழுதியது, அதே அறையின் பீரோவில்தான் இருந்தது. அதில் விடியு 23 என்ற கட்டளைக்கு விளக்கம் உண்டு. மோட் 7 தவிர மற்ற மோட்களில் எழுத்தின் உருவத்தை நாமே வரைந்து கொடுக்கலாம் என்பதுதான் அந்த விளக்கம்.

செய்து பார்த்தால் உங்களுக்கே புரியும். மோட் 4-க்குப் போய் இந்த நான்கு வரிகளை டைப் செய்திடவும்.

விடியு 23,224,0,66,66,66,66,66,126,0
விடியு 23,225,0,124,68,68,68,68,68,0
விடியு 23,226,24,0,66,66,66,66,126,0
விடியு 224,225,226,224,225

திரையில் "பாப்பா" என்று வரும்.

எப்படி? 23-க்கு அடுத்த எண் எழுத்தின் எண். அதன் பிறகு வரும் எட்டு எண்கள் எட்டுக் கோடுகள், மேலிருந்து கீழாக. ஒவ்வொரு கோட்டிலும் எட்டுப் புள்ளிகள். இடமிருந்து வலமாக அவற்றின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. எரிய வேண்டிய புள்ளிகளின் மதிப்பைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். 66 என்றால் 64-ம் 2-ம், அதாவது பகரத்தின் இரண்டு சுவர்கள். 126 என்றால் தரை. மூன்றாவது வரியில் முதலில் வரும் 24 என்பது புள்ளி. கால் எழுத்துக்கு 225.

ஒரு கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் இருந்தால் ஐந்தாம் வகுப்பு மாணவனும் இதைச் செய்வான். பைனரி எண்களைச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

247-ம் 128-ம்

"மூன்று எழுத்து வரைந்துவிட்டால் போதுமா? தமிழில் 247 ஆயிற்றே!" என்பீர்கள். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சும்மா இருக்கும்போது இந்த மெஷின் 32 எழுத்துக்களை மட்டுமே மாற்றி வரைய இடம் தருகிறது. அது போதாதுதான். ஆனால் *எஃப்எக்ஸ் 20,3 என்ற கட்டளையைக் கொடுத்து, புரோகிராம் தொடங்கும் இடத்தை 768 பைட் தள்ளி வைத்தால் (பேஜ்=பேஜ்+768 என்று கொடுத்துவிட்டு நியூ), 128 முதல் 255 வரை 128 எழுத்துக்கள் நம் கைக்கு வரும். ஆங்கில எழுத்துக்களும் அப்படியே இருக்கும்.

இப்போது தமிழ். 247 எழுத்துக்கும் 247 உருவம் தேவையில்லை. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு ஆகிய நான்கும் தனியே நிற்பவை. ஒரு முறை வரைந்தால் 18 மெய்க்கும் பொது. ஔ, ஔகார வரிசை இரண்டையும் ளகரத்தைச் சேர்த்து முடித்துவிடலாம். தனித்தனியே வரைய வேண்டியவை அகரம், புள்ளி வைத்தது, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்ற ஆறு வரிசைகள். ஆறு பெருக்கல் 18, மொத்தம் 108. உயிர் 11, ஆய்தம் 1, கொம்பும் காலும் 4. கூட்டினால் 124. நம்மிடம் இருப்பது 128!

தமிழக அரசு 1978-ல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக் கொண்டது இங்கே பெரிய உதவி. அதற்கு முந்தைய ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்களை வைத்திருந்தால் இந்தக் கணக்கு இடித்திருக்கும்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், எட்டுக்கு எட்டுக் கட்டம் தமிழுக்குச் சட்டை சிறியது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துக்களுக்கு மேலேயும் கீழேயும் எதுவும் இல்லை. தமிழில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரத்தின் சுழியும் உண்டு. எட்டுக் கோட்டுக்குள் மூன்று மாடி கட்ட வேண்டும். ணகரமும் ஞகரமும் ஒரு கட்டத்தில் அடங்காது. இரண்டு கட்டம் கொடுத்தாக வேண்டும். ணகரத்தின் இடது பாதியை அதன் வரிசை முழுவதற்கும் பொதுவாக வைத்துக் கொண்டால் ஒரு உருவம்தான் கூடும். ஞகரத்துக்கும் அப்படியே. மிச்சமிருக்கும் நான்கு இடத்தில் இரண்டு அதற்குப் போகும். அச்சுப் புத்தகத்தின் அழகு வராது. ஆனால் "அம்மா", "மழை", "சரியான விடை" என்பதையெல்லாம் ஒரு பையன் தடுமாறாமல் படிக்கும் அளவுக்கு வரும்.

மெமரி? டிஸ்க் இணைத்த மெஷினில் மோட் 4-க்கு 10 கே.பி., எழுத்து உருவங்களுக்கு 768 பைட் போக, புரோகிராமுக்கு மிஞ்சுவது 15,360 பைட். சரியாக 15 கே.பி. தாராளம் என்று சொல்ல மாட்டேன். பள்ளிப் பாடங்களுக்குப் போதும். அதே 1985-ல் மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு தொடங்கிவிட்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தமிழைத் திரையில் கொண்டு வருவது அன்றைக்கே நடக்காத காரியம் அல்ல.

ஆகவே என் கட்சி இதுதான். பி.பி.சி. மைக்ரோவால் தமிழைக் காட்ட முடியவில்லை என்பது உண்மையல்ல. அது விழித்துக் கொள்ளும் மோடால்தான் முடியவில்லை. அதையும் மாற்றியிருக்கலாம். கீபோர்டின் சர்க்யூட் போர்டில் எட்டு சிறிய இணைப்புகளுக்கு இடம் உண்டு. அவற்றில் மூன்று, ஆன் செய்ததும் எந்த மோடில் தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை. எதுவும் இணைக்காமல் விட்டால் 7. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த ஒருவர் சில நிமிடங்களில் ஒரு பள்ளியின் மெஷினை மோட் 4-ல் விழிக்கச் செய்திருப்பார். அதோடு எழுத்து உருவங்களை ஏற்றும் சிறு புரோகிராம் ஒன்று டிஸ்கில். செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை.

மோட் 7-ஐ டிஃபால்ட்டாக வைத்த இங்கிலாந்து இன்ஜினியர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர்கள் நாட்டு வீட்டு டிவிக்கும், அவர்கள் மொழிக்கும், 32 கே.பி.க்கும் அதைவிட நல்ல தேர்வு இல்லை. கடல் தாண்டி வேறு எழுத்து எழுதும் பிள்ளைகளிடம் கொண்டு வந்தபோது, அந்த டிஃபால்ட்டையும் பெட்டியோடு சேர்த்து இறக்கிவிட்டு, இதுதான் கம்ப்யூட்டர் என்று காட்டியதுதான் எனக்கு உறுத்துகிறது.

இது நாற்பது வருடத்துக்கு முந்தைய கதை, இப்போதுதான் யூனிகோட் இருக்கிறதே என்று ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை. என் மொபைலில் சில ஆப்களைத் தமிழுக்கு மாற்றினால் பட்டனுக்குள் உகரத்தின் கால் வெட்டுப்படுகிறது. மேலே ஈகாரத்தின் விசிறி பக்கத்து வரியில் இடிக்கிறது. பெட்டியின் உயரத்தை ஆங்கிலத்தை வைத்து அளந்திருக்கிறார்கள். அந்த எட்டுக் கோட்டுக் கட்டத்தை நான் அங்கே மறுபடி பார்க்கிறேன்.

நீங்கள் செய்து பார்க்க

பழைய மெஷின் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். பீப்எம் என்ற எமுலேட்டரை உங்கள் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்யலாம். ஜேஎஸ்பீப் என்பது பிரவுசரிலேயே ஓடும். எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. இரண்டும் இலவசம். மேலே சொன்ன கட்டளைகள் அதில் அப்படியே வேலை செய்யும். நிஜ மெஷின் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இதன் ஆர்.ஜி.பி. சிக்னல் 15.6 கிலோஹெர்ட்ஸ். இன்றைய மானிட்டர்களில் பல இதை ஏற்பதில்லை. ஆர்ஜிபி டு எச்டிஎம்ஐ என்ற, ராஸ்பெரி பை ஜீரோவை வைத்துச் செய்யும் கன்வெர்ட்டர் இதற்கு நன்றாக இருக்கிறது. விலை குறைந்த கன்வெர்ட்டர்களில் மோட் 7 நடுங்கும். அந்த மோடில் மட்டும் இன்டர்லேஸை *டிவி கட்டளையால் நிறுத்த முடியாது.

1985-ல் வந்த பி பிளஸ், 1986-ல் வந்த மாஸ்டர் 128 ஆகிய மாடல்களில் திரைக்குத் தனி மெமரி உண்டு. மோட் 4-க்குப் பதில் மோட் 132 என்று கொடுத்தால் (எந்த மோட் எண்ணோடும் 128-ஐக் கூட்டிக் கொள்ளுங்கள்) அதைப் பயன்படுத்தும். புரோகிராம் இடத்திலிருந்து ஒரு பைட்டும் குறையாது.

"பாப்பா" வந்துவிட்டதா? அடுத்து உங்கள் பெயர். கட்டம் போட்ட தாளில் முதலில் வரைந்து கொள்ளுங்கள். மேல் கோட்டைப் புள்ளிக்கும் விசிறிக்கும், கீழ்க் கோட்டை உகரத்துக்கும் ஒதுக்கிவிட்டு நடுவில் எழுத்தின் உடம்பை வையுங்கள். பெயரில் ணகரமோ ஞகரமோ இருந்தால் இரண்டு கட்டம் எடுத்துக் கொள்ளுங்கள்.